கலர் கேரட் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி கேரட்டை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் ஊதா, மஞ்சள், வெள்ளை, ரத்தச் சிவப்பு கேரட்டை முதன்முறை வாங்கிவந்ததும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். அவசரமாக அடுப்படியில் நிற்பவர்கள் 2-ஆம் கேள்வியை மட்டும் படித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். பின்னால் வரும் பல பதில்களுக்கு அதுதான் அடிப்படை.

1. கேரட்னா ஆரஞ்சுதானே? இந்த ஊதா, மஞ்சள் எல்லாம் மரபணு மாத்தினதா?

இல்லை. உண்மையில் ஆரஞ்சுதான் பின்னால் வந்தது. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கம் சுமார் 10-ஆம் நூற்றாண்டில் பயிரிட்ட கேரட் ஊதாவும் மஞ்சளும்தான். ஆரஞ்சு ரகங்கள் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில், முக்கியமாக நெதர்லாந்தில், தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டுப் பரவியவை. அந்த நாட்டு ஆரஞ்சு அரச குடும்பத்தைக் கௌரவிக்கத்தான் நிறத்தை மாற்றினார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது.

வட இந்தியாவில் குளிர்காலம் என்றாலே சிவப்பு கேரட்தான். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா ருதிரா நல்ல சிவப்பு, பூசா அசிதா உள்வரை கறுப்பு. நம் ஊர்க் கடைகளில் வருடம் முழுக்கக் கிடைக்கும் ஆரஞ்சு, நீலகிரி, கொடைக்கானல் மலைகளின் குளிரில் விளைவது.

2. எந்தக் கலரா இருந்தா என்ன, சமைக்கிறதுல அப்படி என்ன வித்தியாசம்?

கேரட் நிறங்களை இரண்டு கட்சியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு (பீட்டா கரோட்டின்), சிவப்பு (லைகோபீன்), மஞ்சள் (லூட்டின்) மூன்றும் எண்ணெயில் கரையும் நிறங்கள். தண்ணீரில் வேகவைத்தாலும் பெரும்பகுதி காயிலேயே நிற்கும். நெய்யிலோ எண்ணெயிலோ வதக்கினால் கொஞ்சம் இறங்கும். அல்வாவின் ஓரத்தில் பிரியும் நெய் ஆரஞ்சாக மினுங்குவது இதனால்தான். புளி, எலுமிச்சை, சோடா எது பட்டாலும் இந்த நிறங்கள் பெரிதாக மாறாது.

ஊதாவும் கறுப்பும் வேறு கட்சி. இவற்றில் இருப்பது ஆந்தோசயனின். அது தண்ணீரில் கரையும். புளிப்பு பட்டால் சிவப்பு, ரோஸ் பக்கம் போகும். காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, சோடா, சோப்பின் தன்மை) பட்டால் நீலம், பச்சை பக்கம் போகும். சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்ததும் நிறம் மாறுகிறதே, அதே வகை நிறமிதான். வெள்ளை கேரட்டில் நிறமி அநேகமாக இல்லை, அதனால் அதற்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது.

சமையலறையில் கலர் கேரட் செய்யும் குழப்பத்தில் முக்கால்வாசி இந்த இரண்டாவது கட்சியால் வருவது.

3. ருசியும் மாறுமா?

மாறும். ஆனால் நிறத்தால் மட்டும் அல்ல. ரகம், விளைந்த இடத்துக் குளிர், முற்றல் மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கும். பொதுவாக வட இந்தியச் சிவப்பு நீர்ச்சத்தும் இனிப்பும் கூடியது, சீக்கிரம் குழையும். ஊட்டி ஆரஞ்சு மொறுமொறுப்பானது. மஞ்சளும் வெள்ளையும் மென்மையானவை. கேரட் வாசம் பிடிக்காதவர்கள்கூடச் சாப்பிடுவார்கள். கறுப்பில் இனிப்பு குறைவு, மண்வாசமும் லேசான காரலும் உண்டு. அதைப் பச்சையாகக் கடிப்பதைவிட புளிக்கவைத்தோ நெய்யில் வதக்கியோ சாப்பிடுவது மேல்.

4. டெல்லி கேரட் எப்போ கிடைக்கும்? பார்த்து வாங்குறது எப்படி?

டெல்லி கேரட் என்பது வட இந்தியச் சிவப்பு கேரட்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிடைக்கும். டிசம்பர், ஜனவரியில் வருவது முதல்தரம். பிப்ரவரி கடைசிக்கு மேல் வரும் கேரட்டில் நடுத்தண்டு கட்டையாகிவிடும். கடைக்காரர் சம்மதித்தால் ஒன்றை உடைத்துப் பாருங்கள்: பட்டென்று ஒடிந்து, நடுவிலும் வெளிப்புறத்தைப் போலவே சிவப்பாக இருந்தால் வாங்கலாம். நடு வெளிறிப்போய், நார் நாராகப் பிரிந்தால் வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டால் நீளவாக்கில் நான்காகப் பிளந்து நடுத்தண்டைச் சீவி எடுத்துவிட்டு மீதியைத் துருவுங்கள்.

எந்த நிறமானாலும் மேல்கழுத்து பச்சையாக இருந்தால், மண்ணுக்கு வெளியே தலைகாட்டி வெயில் பட்டது என்று அர்த்தம். உருளைக்கிழங்குப் பச்சை போல இது விஷம் அல்ல, ஆனால் கசக்கும். அந்தப் பகுதியை மட்டும் நறுக்கி எறிந்தால் போதும். தோள்பட்டை அகன்ற, மிகப் பருத்த கேரட்டில் நடுத்தண்டும் பெரிதாக இருக்கும். கைக்கு அடக்கமானவையே நல்லவை.

5. ஊதா கேரட் தோலைச் சீவினதும் உள்ளே ஆரஞ்சா இருக்கு. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை, அது அந்த ரகத்தின் இயல்பு. பர்ப்பிள் ஹேஸ், காஸ்மிக் பர்ப்பிள் போன்ற ரகங்களில் ஊதா வெளிப்புறத்தில் மட்டும்தான், உள்ளே ஆரஞ்சு. பூசா அசிதா போன்றவைதான் உள்வரை கறுப்பு. வெளி ஊதா ரகத்தைப் பீலரால் அழுத்திச் சீவினால் காசு கொடுத்து வாங்கிய நிறம் குப்பைக்குப் போகும். நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வேர்முடிகளைக் கத்தி முனையால் சுரண்டினால் போதும். வட்டமாக நறுக்கினால் ஊதா வளையத்துக்குள் ஆரஞ்சு தெரியும். சாலட்டுக்கு அதைவிட அழகு வேண்டியதில்லை.

6. கழுவுற தண்ணியே கத்தரிப்பூ கலர்ல வருது. சாயம் முக்கியிருக்காங்களோ?

நறுக்கிய கேரட்டோ தோல் கீறிய கேரட்டோ என்றால் அப்படித்தான் வரும். நிறம் தண்ணீரில் கரையக்கூடியது என்று 2-இல் சொன்னோம். ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்க்கும் சோதனை ஊதா கேரட்டுக்குப் பயன்படாது. அசல் கேரட்டிலும் பஞ்சு நிறமாகும்.

வேறு வழி இருக்கிறது. அந்தத் தண்ணீரை இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களில் எடுத்து, ஒன்றில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, இன்னொன்றில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுங்கள். முதலாவது ரோஸாகவும் இரண்டாவது நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் நிறம் காயினுடையதுதான். இரண்டிலும் அசையாமல் அதே நிறம் நின்றால் சந்தேகப்படலாம். சிவப்பு, ஆரஞ்சு கேரட்டுக்கு ஈரப் பஞ்சுச் சோதனை பொருந்தும். அவற்றின் நிறம் தண்ணீரில் கரையாது என்பதால், நறுக்காத முழுக் கேரட்டைத் துடைத்த ஈரப் பஞ்சு சிவந்தால் அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள்.

7. மூணு கலரையும் சேர்த்துப் பொரியல் பண்ணேன், எல்லாமே அழுக்கு ஊதாவாயிடுச்சு. என்ன செய்யணும்?

ஊதாவைத் தனியாக வதக்கிக் கடைசியில் சேருங்கள். கால் கிலோ ஆரஞ்சு, மஞ்சள் கேரட்டைப் பொடியாக நறுக்கி, இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுந்து, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி 6 நிமிடம் வேகவிடுங்கள். 100 கிராம் ஊதா கேரட்டை இன்னொரு வாணலியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் மட்டும் விட்டு, தண்ணீரே காட்டாமல் 5 நிமிடம் வதக்குங்கள். தேங்காய்த் துருவலை முதலில் ஆரஞ்சுப் பொரியலில் கிளறி, அடுப்பை அணைத்தபின் ஊதாவைத் தூவி ஒரே ஒரு புரட்டு. அதற்குமேல் கிளறினால் தேங்காய் நிறம் பிடித்துக்கொள்ளும். மஞ்சள்தூள் வேண்டாம், மஞ்சளும் ஊதாவும் கலந்தால் வருவது சேற்று நிறம்.

ஓவன் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். 2 செ.மீ. தடிமனில் நறுக்கி, எண்ணெய், உப்பு புரட்டி, 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். தண்ணீர் இல்லாததால் நிறம் எங்கும் ஓடாது. ஊதாவுக்கு மட்டும் எண்ணெய் புரட்டும் கிண்ணம் தனியாக இருக்கட்டும்.

8. ஊதா கேரட்டை வேகவச்சா நீலச் சாம்பல் கலர் ஆகுது. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீரில் பைகார்பனேட் உப்புகள் அதிகம். கொதிக்கும்போது கரியமில வாயு வெளியேறி அந்தத் தண்ணீரின் காரத்தன்மை கூடும், ஊதா நீலத்துக்குத் திரும்பும். அதே கேரட்டை ஆர்.ஓ. தண்ணீரில் வேகவைத்தால் நிறம் ஊதாவாகவே இருக்கும். அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டாலும் சரியாகும், ஆனால் வேக நேரம் கொஞ்சம் கூடும் (12-ஐப் பாருங்கள்).

பாத்திரமும் ஒரு காரணம். இரும்பு பட்டால் இந்த நிறமி கருநீலமாகும். ஊதா கேரட்டுக்கு எவர்சில்வர், பீங்கான் அல்லது கண்ணாடிப் பாத்திரம் எடுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது ஆவி: 1 செ.மீ. வட்டங்கள் இட்லித் தட்டில் 7 நிமிடம். தண்ணீரில் போட்டே வேகவைத்திருந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் ரசத்தில் விடுங்கள். கரைந்த நிறமி அங்கேதான் இருக்கிறது.

9. கேரட் கேக் உள்ளே பச்சையா வந்திருக்கு! சாப்பிடலாமா?

சாப்பிடலாம். ஊதா கேரட்டோடு ஆப்ப சோடா சேர்ந்ததன் விளைவு அது. சோடாவின் காரத்தன்மையில் துருவலைச் சுற்றிப் பச்சை வளையம் விழும். பார்ப்பதற்குப் பூஞ்சணம் போலத் தெரிவதால் பலர் முழுக் கேக்கையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை ஆரஞ்சு கேரட்டில் செய்யுங்கள். ஊதாதான் வேண்டும் என்றால் சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடரும், பாலுக்குப் பதில் தயிரும் சேருங்கள். அப்போதும் கடையில் விற்கும் ரெட் வெல்வெட் நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம், பழுப்பு கலந்த ஊதாதான் வரும்.

10. அப்போ அழகான ரோஸ் கலர் வர்றதுக்கு எதுல போடணும்?

புளிப்பு உள்ள எதிலும். முதல் சாய்ஸ் தயிர்ப் பச்சடி: ஒரு நடுத்தர ஊதா கேரட்டைத் துருவி, ஒரு கப் கெட்டித் தயிரில் உப்புடன் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். முதலில் கோடு கோடாக ஊதா இறங்கும், பிறகு மொத்தமும் ரோஸாகும். தாளிப்பை ஆறவிட்டுச் சேருங்கள்.

இரண்டாவது, மஞ்சள்தூள் போடாத எலுமிச்சை சாதம். உதிராக வடித்த இரண்டு கப் சாதம், துருவி 4 நிமிடம் வதக்கிய முக்கால் கப் ஊதா கேரட், அடுப்பை அணைத்தபின் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. சாறு விழுந்த இடத்தில் சாதம் சாம்பல் ஊதாவிலிருந்து ரோஸுக்குத் திரும்புவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். குழந்தைகளை அந்த நேரத்தில் கூப்பிடுங்கள். டிபன் பாக்ஸ் காலியாகத் திரும்பும்.

11. இட்லி, தோசை, சப்பாத்தி மாவுல கலக்கலாமா?

இட்லிக்குப் பொருந்தும், ஏனென்றால் புளித்த மாவே அமிலம். நாலு கப் மாவுக்கு அரை கப் ஊதா கேரட் விழுது, ஊற்றுவதற்குச் சற்று முன்தான் கலக்க வேண்டும். வெளிர் ரோஸ் ஊதாவில் வரும். சோடா போட்ட மாவென்றால் 9-இன் கதைதான். தோசை இரும்புக் கல்லில் சிவக்கும்போது நிறம் அடிபட்டுவிடும், மெனக்கெட வேண்டாம். சப்பாத்திக்கு பீட்ரூட்டே மேல். அதன் நிறமி வேறு வகை. கோதுமை மாவில் புளிப்பு இல்லாவிட்டாலும் நிறம் நிற்கும்.

12. சாம்பார்ல கேரட் எவ்வளவு கொதிச்சாலும் கடிக்குது. ஏன்?

புளியை முதலில் விட்டதால். காயின் திசுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின், அமிலத்தில் சுலபமாகக் கரையாது. கேரட்டை உப்பும் தண்ணீரும் மட்டும் வைத்து முக்கால் வேக்காடு வேகவிட்டுப் பிறகு புளிக்கரைசல் விடுங்கள். கடினமான போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் கேரட்டை இறுக்கும். இது எல்லா நிறத்துக்கும் பொதுவானது. ஊறுகாய்க்கு இதே குணம்தான் நமக்குச் சாதகம்: எலுமிச்சையில் ஊறிய கேரட் வாரக்கணக்கில் மொறுமொறுப்பு விடாது.

13. ஊட்டி கேரட்ல அல்வா பண்ணா வட நாட்டு ருசி வரமாட்டேங்குதே?

ரகம் வேறு, அதனால் அளவும் வேறு. சிவப்பு கேரட் 1 கிலோவுக்குக் கொழுப்பு எடுக்காத பால் 1 லிட்டர், சர்க்கரை 150 கிராம், நெய் 60 கிராம் போதும். ஊட்டி கேரட்டுக்குச் சர்க்கரை 200 கிராமாக்கி, கடைசியில் இனிப்பில்லாத கோவா 100 கிராம் சேருங்கள். சிவப்பில் தானாக வரும் குழைவை இது ஓரளவு ஈடுகட்டும்.

பெரிய கண் துருவியில் கையால் துருவுங்கள். மிக்ஸியில் அடித்தால் களியாகும். பாதி நெய்யில் துருவலை 8 முதல் 10 நிமிடம், பச்சை வாசம் போய் துருவல் சுருங்கும்வரை வதக்கி, கொதித்த பாலை விட்டு அடிகனமான பாத்திரத்தில் 40, 50 நிமிடம் சுண்டவிடுங்கள். பால் முழுக்க வற்றிக் கரண்டி இழுத்த கோட்டில் அடித்தட்டு தெரிந்த பிறகுதான் சர்க்கரை. முன்னாலேயே போட்டால் துருவல் விறைத்துப்போய் வேகாது, அடியும் பிடிக்கும். சர்க்கரை போட்டதும் மறுபடி இளகும், பயப்படாமல் இன்னொரு பத்து நிமிடம் கிளறி, மீதி நெய்யும் ஏலக்காயும் சேர்த்து இறக்குங்கள்.

லக்னோவில் கறுப்பு கேரட்டிலும் அல்வா செய்வார்கள். பாலோடு சேர்ந்ததும் முதலில் சாம்பல் ஊதாவாகி, சுண்டச் சுண்டக் கரும்பழுப்பாகும். அதுதான் அதன் நிறம். குங்குமப்பூவை அதில் வீணாக்காதீர்கள்.

14. கேரட் பாயசத்துல பால் திரிஞ்சுபோகுது.

கேரட்டில் இயல்பாகவே உள்ள லேசான அமிலம், அதோடு வெல்லம், அதோடு கொதி. அல்வாவில் திரிந்தாலும் கோவா மணல் போல ருசியாகத்தான் இருக்கும், பாயசத்தில் தெரிந்துவிடும். கேரட்டைத் தனியாகத் தண்ணீரில் குழைய வேகவைத்து முந்திரியுடன் அரையுங்கள். வெல்லப்பாகையும் விழுதையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் காய்ச்சி ஆறிய பாலைக் கலக்குங்கள். பிறகு கொதிக்கவிடக் கூடாது.

15. கறுப்பு கேரட்ல காஞ்சின்னு ஒரு பானம் போடறாங்களாமே, நம்ம ஊர்ல வருமா?

வரும், சீக்கிரமே வரும். பஞ்சாப், டெல்லி, உத்தரப்பிரதேசத்தில் குளிர் முடிந்து ஹோலி வரும் சமயத்தில் போடும் புளிப்பு பானம் அது. கறுப்பு கேரட் 250 கிராமை விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் 2 லிட்டர், கல்லுப்பு 40 கிராம், கொரகொரப்பாகப் பொடித்த கடுகு 3 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன். எல்லாவற்றையும் கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில் போட்டு, ஐந்தில் ஒரு பங்கு காலியாக விட்டு, வாயைத் துணியால் கட்டி வெயிலில் வையுங்கள். தினம் ஒருமுறை காய்ந்த கரண்டியால் கலக்க வேண்டும். வடக்கே குளிர்காலத்தில் நாலைந்து நாள் ஆகும். சென்னை வெயிலில் இரண்டு, மூன்று நாளில் புளித்துவிடும். ருசி பார்த்து, புளிப்பும் கடுகின் நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறினால் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

பானம் ஊதாவிலிருந்து மாதுளைச் சிவப்புக்கு வருவதே புளிப்பு ஏறியதன் அடையாளம். கேரட் தண்ணீருக்கு மேலே மிதந்து காய்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பச்சை, கறுப்புப் பூஞ்சணமோ நாற்றமோ கொழகொழப்போ வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், மேலாக வழித்து எடுத்துக் குடிக்க வேண்டாம். கறுப்பு கிடைக்காவிட்டால் ஆரஞ்சு கேரட்டோடு ஒரு சின்ன பீட்ரூட் போடலாம். துருக்கியின் அதானா நகரத்திலும் கறுப்பு கேரட்டைப் புளிக்கவைத்து ஷல்கம் என்று ஒரு பானம் குடிக்கிறார்கள், கபாப்போடு.

16. ஃப்ரிட்ஜ்ல வச்ச கேரட் கசக்குது, இன்னொரு தடவை வதங்கிப்போச்சு.

கசப்புக்குக் காரணம் பக்கத்தில் வைத்த ஆப்பிளோ பழுத்த வாழையோ. அவை விடும் எத்திலீன் வாயு பட்டால் கேரட்டில் கசப்புப் பொருள் உருவாகும். தனி டிராயரில் வையுங்கள். வதங்குவதற்குக் காரணம் இலை. தழையோடு வாங்கினால் வந்ததும் ஒரு அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள். இளந்தழையைத் துவையல் அரைக்கலாம், லேசாகக் கசக்கும், உளுந்து கூடுதலாக வறுத்துப் போடுங்கள். வதங்கிய கேரட்டை ஐஸ் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டால் விறைப்பு திரும்பும். தோல் சீவி வைத்ததில் படரும் வெண்மை மேற்பரப்பு உலர்ந்ததால் வருவதுதான், பூஞ்சணம் அல்ல.

17. எந்தக் கலர்ல சத்து அதிகம்?

எந்தச் சத்து என்பதைப் பொறுத்தது. வைட்டமின் ஏ வேண்டும் என்றால் ஆரஞ்சு. சிவப்பில் பீட்டா கரோட்டினும் உண்டு, ஆனால் அதன் சிறப்பான லைகோபீன் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறாது. மஞ்சளில் லூட்டின், ஊதாவில் ஆந்தோசயனின்; உள்ளே ஆரஞ்சான ஊதா ரகத்தில் ஆந்தோசயனின், பீட்டா கரோட்டின் இரண்டும் கிடைக்கும். வெள்ளையில் கரோட்டின் கிட்டத்தட்ட இல்லை, எனவே குழந்தையின் கண்ணுக்கென்று அதை வாங்க வேண்டாம். ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சளை ஒரு டீஸ்பூன் எண்ணெயாவது சேர்த்து வேகவைத்துச் சாப்பிட்டால், பச்சையாகச் சாப்பிடுவதைவிட அந்த நிறமிகள் உடலில் அதிகம் சேரும்.

18. சுகர் இருக்கறவங்க கேரட் சாப்பிடலாமா?

100 கிராம் கேரட்டில் சர்க்கரை சுமார் 5 கிராம், நார்ச்சத்து சுமார் 3 கிராம். பொரியலாக ஒரு கப் சாப்பிடுவதில் பயப்பட ஒன்றுமில்லை. நாரை வடிகட்டிவிட்ட ஜூஸும், 13-இல் சொன்ன அல்வாவும் வேறு கணக்கு.

19. குழந்தைக்குத் தினமும் கேரட் கூழ் கொடுக்கிறோம், உள்ளங்கை மஞ்சளாகுது. மஞ்சள் காமாலையா?

கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்து உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கு நுனி மட்டும் ஆரஞ்சு மஞ்சளாக இருந்தால், தோலில் கரோட்டின் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். தீங்கில்லாதது, கேரட்டைக் குறைத்தால் சில வாரங்களில் மெல்ல மறையும். கண்ணும் மஞ்சளாக இருந்தாலோ சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

20. கையிலயும் நறுக்குற கட்டையிலயும் ஊதா கறை. சோப்பு போட்டா நீலமா மாறுதே!

சோப்பு காரம், அதனால் நீலமாகிறது. காரணம் 2-இல் உள்ளதுதான். முதலில் எலுமிச்சைத் தோலாலோ வினிகராலோ தேய்த்து, கறை ரோஸாக இளகியதும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, அதன்பிறகு சோப்பு போடுங்கள். மரக்கட்டையில் நறுக்குவதற்கு முன் லேசாக எண்ணெய் தடவிவைத்தால் கறை இறங்காது.